விற்ற போர் விமானத்தில் விற்றவருக்குப் பிடி உண்டா?

பஹ்ரேனுக்கு அமெரிக்கா எஃப்-16 விமானங்களை விற்ற கதையைப் படித்துவிட்டு, "சொந்த மக்களே தெருவில் இறங்கிப் போராடும் ஒரு நாட்டின் அரசுக்குப் போர் விமானம் விற்பது குற்றம் இல்லையா? விற்றவர்களுக்கு அதன்பிறகு அதில் ஒரு பிடியும் கிடையாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகனுக்குச் சிங்கப்பூரின் லோயாங் பக்கம் விமான உதிரிப்பாகங்களை வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருப்பதையும், அதில் சேரலாமா என்று வீட்டில் பேச்சு நடப்பதையும் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்டவரை, உங்களுடைய உண்மையான கேள்வி அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், இத்தகைய விற்பனையைச் சட்டம் தடுக்கிறதா, அந்த விமானங்கள் மெய்யாகவே மக்கள்மீது ஏவப்படுகின்றனவா, ஏவப்பட்டால் விற்றவரால் நிறுத்த முடியுமா என்ற மூன்றையும் தனித்தனியே பார்த்துவிட்டு வர வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஆகாயப்படையில் விமானத் தொழில்நுட்பராகத் தொடங்கி, பிறகு பதினெட்டு ஆண்டுகள் தனியார் துறையில் விமானப் பாகங்களின் ஏற்றுமதி ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். முழு விமானத்தை விற்கும் பேரத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, வழக்கறிஞனும் அல்லன். ஆகவே கையால் தொட்டுப் பார்த்தவற்றை உறுதியாகச் சொல்வேன். அமைச்சர்கள் மட்டத்தில் முடிவாகும் விஷயங்களுக்கு ஊரறிந்த பதிவுகளையே நம்பி எழுதுகிறேன். எது எந்த வகை என்பதை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

நீங்கள் சொன்ன பஹ்ரேனிலிருந்தே தொடங்கலாம். 2011 பிப்ரவரியில் தலைநகர் மனாமாவில் முத்துச் சின்னம் நின்ற வட்டச்சந்தியில் மக்கள் கூடியபோது, அந்நாட்டு ஆகாயப்படையிடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகவே எஃப்-16 விமானங்கள் இருந்தன. அந்தக் கூட்டத்தைக் கலைக்க அவை தேவைப்படவில்லை. கண்ணீர்ப்புகை, சிதறும் ரவைக் குண்டுகள், கவச வாகனங்கள் ஆகியவையே அந்த வேலையைச் செய்து முடித்தன; மார்ச் 14ஆம் தேதி கடற்பாலம் வழியாக வந்திறங்கிய சவூதி தலைமையிலான படைகள் பின்பலமாக நின்றன. அதனால்தான் அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா நிறுத்திவைத்த 53 மில்லியன் டாலர் விற்பனை, விமானங்களைப் பற்றியதாக இல்லாமல் ஹம்வி வாகனங்களையும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளையும் பற்றியதாக இருந்தது. பிறகு வந்ததுதான் நீங்கள் படித்த கதை: ஏறத்தாழ 2.8 பில்லியன் டாலருக்கு 19 புதிய எஃப்-16 விமானங்கள் வாங்க பஹ்ரேன் விரும்பியபோது, மனித உரிமையில் முன்னேற்றம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை ஒபாமா அரசு 2016இல் விதித்தது. 2017 மார்ச்சில் டிரம்ப் அரசு அதை எடுத்துவிட்டது. ஈரானுக்கு எதிரே, அமெரிக்காவின் ஐந்தாம் கடற்படைப் பிரிவு தங்கியிருக்கும் ஒரு சிறு தீவுக்கு அந்த விமானங்களால் உண்மையான தற்காப்புப் பயன் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் போராட்டக்காரர்கள் சிறையில் இருக்கும்போது அப்படி ஒரு பேரம் கையெழுத்தாவது, அந்த அரசுக்கு வெளியிலிருந்து கிடைக்கும் நற்சான்றிதழாகவே உள்ளூரில் படிக்கப்படும். அதுவும் தீங்குதான். குண்டு விழுவதிலிருந்து வேறான தீங்கு என்பதால், இரண்டையும் ஒரே மூச்சில் பேசக்கூடாது என்கிறேன்.

குண்டு விழும் கதைக்கு லிபியாவைப் பார்க்கலாம். 2011 பிப்ரவரி 21ஆம் தேதி, லிபிய ஆகாயப்படையின் இரண்டு மிராஜ் எஃப்-1 விமானங்கள் மால்டாவில் வந்து இறங்கின. அவற்றை ஓட்டிவந்த அதிகாரிகள் இருவரும், பெங்காசியில் போராடிய மக்கள்மீது குண்டு வீசும்படி தங்களுக்கு உத்தரவு வந்தது, மறுத்துப் பறந்து வந்துவிட்டோம் என்றார்கள். விமானங்கள் வந்திறங்கியது உறுதி, அவர்கள் அப்படிச் சொன்னதும் உறுதி. உத்தரவின் சரியான வாசகத்துக்கு அவர்களுடைய வாக்குமூலம் ஒன்றே சான்று. மிராஜ் பிரான்ஸ் விற்ற விமானம். அடுத்த மாதம் 19ஆம் தேதி லிபியப் படைகள்மீது முதல் தாக்குதலை நடத்தியதும் பிரான்ஸின் ரஃபேல் விமானங்கள்தான். அதே ரஃபேலை கடாஃபிக்கே விற்க அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆயுத வியாபாரத்தின் நினைவாற்றல் எவ்வளவு குறுகியது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

மியன்மார் மூன்றாவது வகை. 2021 பிப்ரவரி 1ஆம் தேதி ஆட்சிக் கவிழ்ப்புக்குப்பின் முதல் வாரங்களில் தெருக்களில் நடந்ததைத் துப்பாக்கிகளே பார்த்துக்கொண்டன. மக்கள் எதிர்ப்பு ஆயுதம் தாங்கிய கிளர்ச்சியாக மாறி, சாலை வழியாகப் போகப் படைகள் அஞ்சிய நிலை வந்தபிறகுதான் விமானங்கள் அன்றாடக் கருவியாயின. 2023 ஏப்ரல் 11ஆம் தேதி சகாயிங் வட்டாரத்தின் பாசிஜி கிராமத்தில் ஓர் அலுவலகத் திறப்புக்குக் கூடியிருந்தவர்கள்மீது முதலில் ஜெட் விமானம் குண்டு வீசியது, பிறகு ஹெலிகாப்டர் வந்து சுட்டது. 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். ஆகவே, போர் விமானத்தை வைத்து யாரும் தெருக்கூட்டத்தைக் கலைப்பதில்லை என்று விற்பவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான், ஆனால் விற்கும் நாளுக்கு மட்டுமே பொருந்தும் உண்மை. விமானம் முப்பது ஆண்டு உழைக்கும். அமைதியின்மை மூன்றே மாதத்தில் உள்நாட்டுப் போராக மாறிவிடும்.

இங்கே எங்கள் தொழிலில் உள்ளவர்கள் நன்கு அறிந்த, செய்திகளில் அடிபடாத ஒரு விஷயம் உண்டு. கிராமங்கள்மீது குண்டு வீசுவதற்கு எஃப்-16 போன்ற விலையுயர்ந்த விமானம் தேவையே இல்லை. எதிரிக்கு விமானமும் இல்லை, ரேடாரும் இல்லை என்னும்போது மெதுவாகப் பறக்கும், பராமரிக்க எளிதான, பயிற்சி விமானம் என்று பெயர் சூட்டப்பட்ட ஒன்றே போதும். 2012இல் அலெப்போவில் சிரிய அரசு பயன்படுத்திய எல்-39, அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் பயிற்சிக்காக வடிவமைக்கப்பட்டது. மியன்மாரின் யாக்-130 விமானமும் அந்த வகைதான். இந்தோனீசியாவுக்குப் பிரிட்டன் விற்ற ஹாக் விமானத்தைப் பற்றியும் இதே வாதம் இருபது ஆண்டுகள் நடந்தது. இந்தோனீசியா பிடித்துவைத்திருந்த கிழக்குத் திமோரில் ஹாக் குண்டு வீசியதாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று பிரிட்டிஷ் அரசு சொல்லிக்கொண்டே வந்தது. 1996 ஜனவரியில் மூன்று பெண்கள் சுத்தியலோடு இங்கிலாந்தின் வார்ட்டன் விமானத் தொழிற்கூடத்துக்குள் புகுந்து, இந்தோனீசியாவுக்குப் போகவிருந்த ஒரு ஹாக் விமானத்தை உடைத்தார்கள். பெரிய குற்றம் ஒன்றைத் தடுக்கவே சிறிய சேதம் செய்தோம் என்று வாதாடி, அவ்வாண்டு ஜூலையில் லிவர்பூல் நீதிமன்றத்தில் விடுதலையும் ஆனார்கள். 1999இல் கிழக்குத் திமோரின் விடுதலை பற்றிய பொதுவாக்கெடுப்பையொட்டி ஹாக் விமானங்கள் அதன் தலைநகர் திலியின் மேல் தாழப் பறந்தன. அன்று அவை குண்டு எதையும் போடவில்லை.

குண்டு போடாமல் பறப்பது பயன்பாடு ஆகுமா என்று ஒரு கருத்தரங்கில் என்னிடம் கேட்டார்கள். அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் புளோக்கில் நான்காம் மாடியில் மகளோடு இருந்த ஒரு பாட்டி. வன்னியிலிருந்து வந்தவர். ஜூலை மாதம் தேசிய தின ஒத்திகைக்காக எஃப்-15 விமானங்கள் மேலே போகும்போது பிள்ளைகள் எல்லாரும் நடைபாதைக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பார்கள். பாட்டி அவர்களைக் கையைப் பிடித்து உள்ளே இழுப்பார்: "கிபிர் போகுது, உள்ளுக்கு வாங்கோ." அவருக்கு எந்த ஜெட் விமானமும் கிபிர்தான், இஸ்ரேலிடமிருந்து இலங்கை வாங்கிய அந்த ஒரு விமானத்தின் பெயர் அவருடைய வாயில் பொதுப்பெயராகிவிட்டது. நான் பிரேக் தகடு மாற்றி, எண்ணெய் துடைத்து அனுப்பிவைத்த இயந்திரங்களின் ஓசையை அப்படியும் கேட்க முடியும் என்பது எனக்கு அன்றுவரை தோன்றியதில்லை.

இனி சட்டம். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது, மக்கள் கொந்தளிப்பைச் சந்திக்கும் அரசுக்கு ஆயுதம் விற்காதே என்று பொதுவாகத் தடுக்கும் அனைத்துலகச் சட்டம் ஏதும் இல்லை என்பதே. எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்துவது ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் ஆயுதத் தடை மட்டும்தான். லிபியாமீது அது 2011 பிப்ரவரி 26ஆம் தேதி, மிராஜ் விமானங்கள் மால்டாவில் இறங்கிய ஐந்தாம் நாளே, வந்துவிட்டது. மியன்மாருக்கு அப்படி ஒன்று வரவே இல்லை. 2021 ஜூன் மாதம் பொதுப் பேரவை 119 வாக்குகளோடு நிறைவேற்றிய தீர்மானம், ஆயுதம் போவதைத் தடுக்கும்படி நாடுகளை வேண்டிக்கொண்டதே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. சிங்கப்பூர் ஆதரித்து வாக்களித்தது. எதிர்த்தது பெலருஸ் மட்டுமே. 36 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன, அவற்றில் ரஷ்யா, சீனா, இந்தியா, தாய்லாந்து எல்லாம் அடக்கம்.

2013இல் ஏற்கப்பட்டு 2014 டிசம்பர் 24ஆம் தேதி நடப்புக்கு வந்த ஆயுத வணிக ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. போர் விமானமும் அதன் பாகங்களும் அதற்குள் வருகின்றன. இனப்படுகொலைக்கோ, மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்கோ, பொதுமக்கள்மீதான தாக்குதலுக்கோ பயன்படும் என்று அனுமதி தரும் நேரத்தில் தெரிந்திருந்தால் விற்கக்கூடாது என்கிறது அதன் ஆறாம் பிரிவு. அவ்வளவு தெளிவாகத் தெரியாதபோது ஆபத்தை எடைபோட்டுப் பார்க்கச் சொல்கிறது ஏழாம் பிரிவு. முழு விவகாரமும் "அனுமதி தரும் நேரத்தில்" என்ற அந்த ஒரு சொற்றொடரில்தான் தொங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் வகுத்த எட்டு அளவுகோல்களும், அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டு ஆயுத ஏற்றுமதிச் சட்டமும்கூட அந்த நேரத்து மதிப்பீட்டையே கேட்கின்றன. அமெரிக்கச் சட்டத்தில், வாங்கும் நாட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புக்காக விற்பது முறையான நோக்கங்களில் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீதிமன்றங்கள் எப்போதாவது தலையிட்டிருக்கின்றன: சவூதி அரேபியா ஏமனில் நடத்திய பழைய தாக்குதல்கள் சட்டமீறல்களா என்று ஆராயாமலேயே புதிய உரிமங்களைத் தந்தது தவறு என்று 2019 ஜூன் 20ஆம் தேதி லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அரசு ஓராண்டு ஆராய்ந்தது, நடந்தவை தனித்தனிச் சம்பவங்களே என்று முடிவு செய்தது, விற்பனையைத் தொடர்ந்தது. சட்டம் என்ன செய்யும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு இந்த ஒரு வழக்கே போதும்.

விற்றபின் பிடி உண்டா என்ற கேள்விதான் எனக்கு மிகவும் பழக்கமானது. உண்டு, ஆனால் அது விமானத்தில் இல்லை. விமானிக்குப் பின்னால், இருக்கைக்கு அடியில் இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்வோம். போர் விமானத்தின் தப்பிக்கும் இருக்கையில் விரல் பருமனிலிருந்து புட்டிப் பருமன்வரை பல வெடிமருந்துக் குப்பிகள் பொருத்தப்பட்டிருக்கும். விமானி கைப்பிடியை இழுத்தால் அவை ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து, மேல்மூடியைத் தள்ளி, அவரை இருக்கையோடு வெளியே எறியும். ஒவ்வொரு குப்பியின் மீதும் உற்பத்தித் தேதி அச்சிட்டிருக்கும். இத்தனை ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டும் என்பது கண்டிப்பான விதி. காலாவதியான குப்பியோடு விமானத்தை வெளியே தள்ளும் பதிவேட்டில் எந்தத் தொழில்நுட்பரும் கையெழுத்துப் போட மாட்டார். சக்கரத்தின் டயர்களும் அப்படித்தான், சில பத்துத் தரையிறக்கங்களில் தேய்ந்துவிடும். இயந்திரம் குறிப்பிட்ட மணிநேரம் ஓடியதும் பிரித்துப் பார்க்கப்பட வேண்டும். இவற்றை எல்லாம் பெரும்பாலும் செய்தவரிடமிருந்தே வாங்க வேண்டும் என்பதால், விற்பனை என்று நாம் சொல்வது உண்மையில் முப்பது ஆண்டுத் தவணை.

அந்தத் தவணையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து வீட்டிலேயே பார்த்தோம். 1999இல் கிழக்குத் திமோரில் நடந்த வன்முறைக்குப்பின் அமெரிக்கா இந்தோனீசியாவுக்கு ராணுவப் பொருள்களை நிறுத்தியது. எஃப்-16 விமானங்களில் பெரும்பகுதி பாகம் இல்லாமல் தரையில் நின்றன. ஒரு விமானத்தைப் பிரித்து இன்னொன்றுக்குப் பொருத்தும் நிலைமை எங்கு வந்தாலும் மொத்த அணியும் மெல்ல நோயாளியாகிவிடும் என்பதைத் தொழில் செய்தவர்கள் அறிவார்கள். பிடி வேலை செய்தது என்று சொல்லலாம். ஆனால் 2003 மே மாதம், கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த இந்தோனீசியாவின் ஆச்சே மாநிலத்தில் ராணுவச் சட்டம் வந்தபோது வானத்திலிருந்து ராக்கெட் ஏவியவை, 1970களில் வாங்கிய ஓவி-10 பிராங்கோ என்ற, காற்றாடி வைத்த பழைய அமெரிக்க விமானங்கள். சிக்கலான எஃப்-16 நின்றுபோனது, எளிய பிராங்கோ பறந்தது. இதையும் சேர்த்துப் பாருங்கள்: 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை ஆச்சேயை அழித்தபோது, அரிசியும் மருந்தும் ஏற்ற வேண்டிய சி-130 சரக்கு விமானங்களில் பல அதே தடையால் முடங்கிக் கிடந்தன. 2005 ஜனவரியில் அமெரிக்கா அவற்றுக்கு மட்டும் அவசரமாகப் பாகங்களை விடுவித்தது. அவ்வாண்டு நவம்பரில் எஞ்சிய தடைகளையும் விலக்கியது.

"நாம் விற்காவிட்டால் இன்னொருவர் விற்பார்" என்பது இந்தத் தொழிலின் மிகப் பழைய சமாதானம். அதில் பாதி உண்மை இருக்கிறது. இந்தோனீசியா 2003இல் ரஷ்யாவிடம் சுகோய் வாங்கியது. வெனிசுவேலாவுக்கு 2006இல் அமெரிக்கா கதவைச் சாத்தியதும் அதுவும் சுகோய்க்குப் போயிற்று. 2013இல் எகிப்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்த மாதம் கெய்ரோவில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டபின், அமெரிக்கா எஃப்-16 விமானங்களை அனுப்பாமல் நிறுத்திவைத்தது. 2015 பிப்ரவரியில் பிரான்ஸ் 24 ரஃபேல் விமானங்களை எகிப்துக்கு விற்றது, அடுத்த மாதமே அமெரிக்காவும் தன் தடையை எடுத்துவிட்டது. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. புதிய விற்பனையாளரைத் தேடி, விமானிகளுக்கும் தொழில்நுட்பர்களுக்கும் மறுபடி பயிற்சி கொடுத்து, கிடங்கை நிரப்பி எழுவதற்கு ஆண்டுகள் பிடிக்கும். ஒரு கிராமத்துக்கு அந்த ஆண்டுகளே எல்லாம். தடை விதித்ததால் எத்தனை உயிர் தப்பியது என்று எண்ணிக் காட்டுவது மட்டும் யாராலும் ஆகாத காரியம். அப்படி எண்ணிக் காட்டுபவர் இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கத்தில் நின்றாலும் நான் நம்புவதில்லை.

சட்டப்படியான அரசுக்குக் கிளர்ச்சியை அடக்கும் உரிமை உண்டே என்று கேட்பவர்களுக்கு நான் இலங்கையைத்தான் காட்டுவேன், தமிழர் என்பதால் மட்டும் அல்ல. 1971 ஏப்ரலில் ஜேவிபி என்ற இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சி வெடித்தபோது அது பெரும்பாலும் சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி. பிரிட்டன் முன்பு கொடுத்து, கிடங்கில் போட்டுவைத்திருந்த ஜெட் புரோவோஸ்ட் பயிற்சி விமானங்களைத் தூசு தட்டி எடுத்தார்கள். சோவியத் யூனியன் ஐந்து மிக்-17 விமானங்களை அனுப்பியது. பனிப்போரின் இரு பக்கத்தாரும், இந்தியாவும் பாகிஸ்தானும்கூட, ஒரே அரசுக்கு உதவினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு, ஆயுதக் கிளர்ச்சி, நட்பு நாடுகள்: அனுமதிப் பத்திரத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருந்திருக்காது. அப்படிக் கட்டத் தொடங்கிய ஆற்றல்தான் 1996இல் கிபிர், 2000இல் மிக்-27 என்று வளர்ந்து வடக்கிலும் கிழக்கிலும் பறந்தது. விற்பவர் அன்றைய அரசைப் பார்த்து விற்கிறார்; விமானம் அடுத்த அரசிடமும், அதற்கடுத்த அரசிடமும் போய்ச்சேருகிறது. எனவே என்னுடைய தனிப்பட்ட முடிவு, முதல் விற்பனையைப் பற்றிக் காட்டும் கவலையில் பாதியையாவது பிந்திய தவணைகள்மீது காட்ட வேண்டும் என்பது. முதல் விற்பனை நாடாளுமன்றத்துக்குப் போகும், நாளிதழில் வரும். தவணைகள் பெட்டியில் போகும்.

அந்தப் பெட்டிகளில் சில நம் துறைமுகத்தையும் சாங்கியையும் கடந்து போகின்றன என்பதால்தான் சிங்கப்பூர் இந்தக் கதையில் வருகிறது. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, ஆட்சிக் கவிழ்ப்புக்குப்பின் மியன்மார் ராணுவத்துக்குக் குறைந்தது 1 பில்லியன் டாலர் மதிப்புள்ள ஆயுதங்களும் தொடர்புடைய பொருள்களும் போயின என்றது. ரஷ்யாவிலிருந்து 406 மில்லியன், சீனாவிலிருந்து 267 மில்லியன், சிங்கப்பூரில் இயங்கிய நிறுவனங்கள் வழியாக 254 மில்லியன். சிங்கப்பூர் அரசு அவற்றை அனுமதித்ததற்கான தகவல் ஏதும் இல்லை என்பதையும் அதே அறிக்கை சொன்னது. அரசு விசாரணை நடத்தியது. அடுத்த ஆண்டு அறிக்கையில் சிங்கப்பூர் வழி ஒரு நிதியாண்டில் 110 மில்லியனுக்கு மேல் இருந்த தொகை அடுத்த நிதியாண்டில் 10 மில்லியன் அளவுக்கு இறங்கியிருந்தது. அதே காலத்தில் தாய்லாந்து வழி ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. தண்ணீர் வழி தேடும் என்பது சரிதான், ஆனால் மதகை மூட முடியும் என்பதும் அதே எண்களில் தெரிகிறது.

மூடுவதற்கான சட்டம் நம்மிடம் முன்பே இருக்கிறது. 2003 முதல் நடப்பில் உள்ள உத்திமுறைப் பொருள்கள் (ஆயுதங்களும் ராணுவத்துக்குப் பயன்படக்கூடிய பிற பொருள்களும்) கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பட்டியலில் உள்ள பொருளை ஏற்றுமதி செய்வதற்கு மட்டுமின்றி இங்கே இறக்கி மாற்றி ஏற்றுவதற்கும், இடைத்தரகு செய்வதற்கும் கட்டுப்பாடு உண்டு. முதல் குற்றத்துக்கே 100,000 சிங்கப்பூர் வெள்ளி அல்லது பொருளின் மதிப்பில் மூன்று மடங்கு, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதமும், இரண்டாண்டுவரை சிறையும் விதிக்கலாம். ஆனால் சுங்கத்துறை அதிகாரி எல்லாப் பெட்டியையும் திறக்க முடியாது. முதல் கண் நிறுவனத்துக்குள் இருப்பவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு நாள் மதியம் என் மேசைக்கு வந்த கோப்பை இன்னும் மறக்கவில்லை. சக்கரங்கள் பன்னிரண்டு, பிரேக் தகடுகள், எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று. இறுதிப் பயனாளர், அதாவது பொருளைக் கடைசியில் பயன்படுத்தப்போகிறவர், ஒரு தனியார் விமானப் பயிற்சிப் பள்ளி என்றது சான்றிதழ். சக்கர அளவைக் கையேட்டில் தேடினேன். அந்த அளவு ஒரே ஒரு ராணுவப் பயிற்சி விமானத்துக்குத்தான் பொருந்தும். முகவரி ஒரு கடைவீட்டின் மேல்மாடி. சான்றிதழில் கையெழுத்தும் முத்திரையும் ஒரே கறுப்பில், ஒரே அச்சில் இருந்தன. தாளைச் சாய்த்துப் பார்த்தால் பேனா அழுத்திய தடமே இல்லை. சான்றிதழின் தேதி, கொள்முதல் ஆணைக்கு ஒன்பது நாள் முந்தியது. மூலப்பிரதி கேட்டேன். பதிலாக, வழக்கமான விலைக்கு மேல் இருபது விழுக்காடு தருவதாக மின்னஞ்சல் வந்தது. என் மேலதிகாரிக்கு முகம் சுருங்கியது, அந்தக் காலாண்டு அவருக்கு நல்ல காலாண்டு இல்லை. இருந்தும் என்னோடு சேர்ந்து மறுப்பில் கையெழுத்திட்டார். அதே பாக எண்களுக்கு இன்னொரு தரகர் விலை கேட்டுத் திரிவதாகச் சில வாரங்களில் காதில் விழுந்தது. எங்கோ ஓரிடத்தில் கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இப்போது உங்கள் மகன். விமானப் பாகங்கள் விற்பது கௌரவமான தொழில். நாம் ஏறிப் போகும் பயணிகள் விமானங்களில் பெரும்பகுதி அதனால்தான் பத்திரமாக இறங்குகிறது. சேர வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வேலையை ஏற்கும் முன் அவர் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். இறுதிப் பயனாளர் சான்றிதழை அங்கே யார் சரிபார்க்கிறார், அவர் விற்பனைப் பிரிவுத் தலைவருக்குக் கீழே வேலை பார்க்கிறாரா, இல்லை தனியாக மேலாளரிடம் நேரே பேச முடியுமா? சந்தேகம் வந்தால் ஓர் இளநிலை ஊழியர் சரக்கை நிறுத்திவைக்க அனுமதி உண்டா, அப்படிக் கடைசியாக நிறுத்தியது எப்போது? ஒருமுறையும் நிறுத்தியதில்லை என்று பெருமையாகச் சொன்னால், அடுத்து எந்தெந்த நாடுகளுக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.